ரத்தான ஆர்டருக்குக் கமிஷன் எதற்கு?

கே: ஆன்லைன் விற்பனைத் தளத்தில் நான் விற்கும் 1,000 ரூபாய் போர்வைக்கு ஆர்டர் வந்தது. பேக் செய்வதற்கு முன்பே வாங்கியவர் கேன்சல் செய்துவிட்டார். தளத்தார் கட்டணம் மட்டும் பிடித்திருக்கிறார்கள். திரும்பி வருமா? (ஈரோடு)

ப: வரும். ஆனால் எவ்வளவு வரவேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கமிஷன் 120, நிலையான கட்டணம் 25, கூரியர் 70 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 215. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 38.70. ஆக, போனது 253.70. கணக்கில் 120 திரும்பி ஏறியதைப் பார்த்ததும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். கிளம்பாத பார்சலுக்குக் கூரியர் காசு எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

செட்டில்மென்ட் அறிக்கையை (தளம் உங்களுக்குப் பணம் கொடுத்த, பிடித்த விவரம்) எக்செலில் இறக்கி, ஆர்டர் எண்ணைப் போட்டு வடிகட்டுங்கள். பிடித்தது ஒரு செட்டில்மென்டிலும் திருப்பியது அடுத்ததிலும் வருவது வழக்கம். அதனால் இரண்டையும் பாருங்கள். அப்போதும் குறைந்தால் தளத்தில் டிக்கெட் (புகார்) போடுங்கள்: ஆர்டர் எண், கேன்சல் ஆன நாளும் நேரமும், பிடித்த தொகை, வரவேண்டிய தொகை, இரண்டு ஸ்கிரீன்ஷாட். ஒரு டிக்கெட்டுக்கு ஒரே ஆர்டர். பத்தை அள்ளிப் போட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மூடிவிடுவார்கள். கட்டணத்தின் ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்திருந்தால், கட்டணத்தை ரத்து செய்து தளம் தரும் கிரெடிட் நோட் வந்ததும் அந்த வரவைத் திருப்பிக் கொடுத்ததாகக் கணக்கில் காட்ட வேண்டும்.

கே: வாங்கியவர் போன் செய்து வேண்டாம் என்றார். நான் ‘ஸ்டாக் இல்லை’ என்று போட்டு கேன்சல் செய்தேன். அபராதமும் விழுந்திருக்கிறது. (கரூர்)

ப: இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. கேன்சல் திரையில் காரணம் கேட்கிறார்களே, அது சும்மா கேட்பதில்லை. செலவு யார் தலையில் விழும் என்பதை அந்த ஒரு வரிதான் முடிவு செய்கிறது. உங்களுக்கு வந்த போன் தளத்துக்குத் தெரியாது. ‘ஸ்டாக் இல்லை’ என்றால் குற்றவாளி நீங்கள்தான், அதை நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். ஈபே என்ற விற்பனைத் தளத்திலும் இதே கதை: ‘ஸ்டாக் இல்லை’ விற்பவர் குறையாகப் பதிவாகும், ‘வாங்குபவர் கேட்டார்’ ஆகாது.

இனி யார் போனில் சொன்னாலும், “உங்கள் ஆப்பிலேயே கேன்சல் கொடுங்கள்” என்று சொல்லுங்கள். அவருக்கு அது தெரியாவிட்டால், தளத்தின் மெசேஜில் ஒரு வரி எழுதச் சொல்லிவிட்டு, பிறகு நீங்கள் கேன்சல் செய்யுங்கள். பார்சல் கிளம்பிவிட்டால் கணக்கே வேறு. வாசலில் மறுத்து அது திரும்பி வந்தால் கமிஷன் பெரும்பாலும் திரும்பும். கூரியர் காசு யாருடையது என்பது தளத்துக்குத் தளம் மாறும், கட்டண அட்டவணையைப் படியுங்கள். விற்பனையாளராகச் சேரும்போது படிக்காமல் ‘சம்மதம்’ அழுத்திய அதே அட்டவணைதான்.

உங்கள் அபராதத்துக்கு மேல்முறையீடு போட்டுப் பாருங்கள். வாங்கியவர் இப்போதாவது மெசேஜ் அனுப்பினால் கொஞ்சம் வாய்ப்பு உண்டு.

கே: வாங்கியவருக்கு ஜிபேயில் பணத்தைத் திருப்பிவிட்டேன். கமிஷன் எப்போது வரும்? (மதுரை)

ப: வராது. தளத்தின் கணக்கில் உங்கள் விற்பனை இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர் அங்கேயும் ரீஃபண்ட் கேட்டால் இரண்டு முறை கொடுப்பீர்கள்.

கே: புதுச் சேலை அனுப்பினேன். ரிட்டர்னில் கிழிந்த பழைய துணி வந்தது. (காஞ்சிபுரம்)

ப: அநியாயம். தவறு உங்கள் மேல் இல்லை, ஆனால் நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில்தான். ‘சரியாக வந்தது’ என்று எதையும் அழுத்தாதீர்கள். உறை, லேபிள், துணி மூன்றையும் அப்படியே வையுங்கள். அனுப்பியபோது இருந்த எடையும் திரும்பி வந்த எடையும் வேறாக இருந்தால் அது பெரிய சாட்சி. ரிட்டர்ன் க்ளெய்முக்குக் கெடு சில நாட்கள்தான், இன்றே போடுங்கள். இனி வரும் ரிட்டர்ன்களை, லேபிள் தெரியத் தொடங்கி வெட்டாத ஒரே வீடியோவாக எடுத்துப் பிரியுங்கள். தராசு மட்டும் மலிவாக வாங்காதீர்கள். நான் வாங்கியது வெறும் தட்டுக்கே 40 கிராம் காட்டுகிறது.

கே: கஸ்டமர் கேர் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். கமிஷனைத் திருப்ப ஒரு ஆப் இறக்கச் சொல்லி, யுபிஐ பின் போடச் சொன்னார்கள். 18,000 போய்விட்டது. (திருநெல்வேலி)

ப: இதைப் படித்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், பிறகு வங்கிக்கு. சீக்கிரம் சொன்னால்தான் பணம் போன கணக்கை முடக்க முடியும். அந்த ஆப்பை நீக்கிவிட்டு பின்னை மாற்றுங்கள். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள், உங்களை ஏமாற்றியவர்களுக்கு இதுதான் தொழில்.

கே: விற்ற பணத்தில் டிசிஎஸ், டிடிஎஸ் என்றும் பிடிக்கிறார்கள். இதற்கும் டிக்கெட் போடலாமா? (திருப்பூர்)

ப: வேண்டாம், இவை கட்டணமே அல்ல, தளம் முன்கூட்டியே பிடித்து உங்கள் பெயரில் கட்டிய வரி. ஜிஎஸ்டி டிசிஎஸ் 2024 ஜூலை முதல் 0.5 சதவீதம். அந்த மாதம் திரும்பி வந்த சரக்கைக் கழித்த விற்பனைத் தொகைக்குத்தான் கணக்கிட வேண்டும். ஜிஎஸ்டி போர்ட்டலில் டிசிஎஸ் வரவை ஏற்றுத் தாக்கல் செய்தால், அங்கே வரி கட்ட உங்கள் பெயரில் இருக்கும் ரொக்கப் பேரேட்டில் சேரும். வருமான வரி டிடிஎஸ் 2024 அக்டோபர் முதல் 0.1 சதவீதம். வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியலைப் பார்த்து, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.