ஆண்களுக்குத் தசைக்கட்டு மேல் உள்ள ஆசையை ஆய்வில் எப்படி அளப்பது?

ஜிம்முக்குப் போகிற, போகாத கல்லூரி மாணவர்கள் என இரு தரப்பினரிடமும் இதை அளக்க எந்த வினாத்தாள், மதிப்பெண் எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பரிந்துரை, கனடா ஆய்வாளர்கள் மெக்ரியரியும் சாஸ்ஸேயும் 2000இல் வெளியிட்ட டிரைவ் ஃபார் மஸ்குலாரிட்டி ஸ்கேல் (Drive for Muscularity Scale). மொத்தம் 15 வாக்கியங்கள். ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 6 வரை பதில். மூலத்தில் 1 என்றால் 'எப்போதும்', 6 என்றால் 'ஒருபோதும் இல்லை'. அதனால் கணக்கிடும் முன் எல்லாவற்றையும் திருப்ப வேண்டும்: 7இலிருந்து பதிலைக் கழியுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். பதினைந்தும் ஒரே திசையில் எழுதப்பட்டவை என்பதால், திருப்ப மறந்தாலும் க்ரான்பாக் ஆல்ஃபா (வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) மாறவே மாறாது. தவறு நடந்ததற்கு அதில் எந்த அறிகுறியும் தெரியாது. ஆனால் சராசரிகளும், மற்ற அளவுகளோடான தொடர்புக் கெழுக்களின் (correlation) குறியும் தலைகீழாக வரும். வாரத்தில் எத்தனை நாள் எடை தூக்குகிறீர்கள் என்று தனியாக ஒரு கேள்வி சேர்த்துவிடுங்கள். 2ஆம் வாக்கியம் எடைப் பயிற்சி பற்றியது. அதனோடு இந்த எண்ணிக்கைக்கு எதிர்மறைத் தொடர்பு வந்தால் திருப்பவில்லை என்று அர்த்தம். எல்லாக் கேள்விக்கும் ஒரே எண்ணை வட்டமிட்டுப் போகிறவர்களையும் ஆல்ஃபா காட்டிக்கொடுக்காது. அந்தத் தாள்களைக் கண்ணால் பார்த்துப் பிரித்தெடுங்கள்.

ஆண்களிடம் மொத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள். 1, 7, 9, 11, 13, 14, 15 ஆகிய ஏழும் மனப்பான்மை: கை போதாது, மார்பு போதாது, இன்னும் தசை இருந்தால் தன்னம்பிக்கை வரும் என்கிற எண்ணங்கள். 2, 3, 4, 5, 6, 8, 12 ஆகியவை நடத்தை: எடை தூக்குவது, புரோட்டீன் குடிப்பது, ஒரு நாள் பயிற்சி தவறினால் குற்றவுணர்வு. இரண்டுக்கும் தனித்தனிச் சராசரி எடுங்கள். ஜிம் கட்டணம் கட்ட முடியாத மாணவன் முதலாவதில் உச்சத்திலும் இரண்டாவதில் அடியிலும் இருப்பான். மொத்தமாகக் கூட்டினால் அவன் நடுத்தர ஆள் போலத் தெரிவான்; அவனுடைய ஏக்கம் ஆய்விலிருந்தே காணாமல் போய்விடும். 3, 4 இரண்டுமே சப்ளிமெண்ட் பற்றியவை என்பதால் நடத்தை மதிப்பெண்ணில் பணவசதியும் கலந்திருக்கும். வருமானத்தையும் கேட்டு வையுங்கள்.

10ஆம் வாக்கியம் ஸ்டீராய்டு எடுக்க நினைப்பது பற்றியது. பெரும்பாலோர் 'ஒருபோதும் இல்லை' என்றே போடுவதால் பதில்களில் பரவல் இருக்காது. ஆண்களிடம் இது மனப்பான்மை, நடத்தை என்ற இரண்டு காரணிகளில் (factor, ஒன்றாகச் சேரும் வாக்கியக் குழு) எதிலும் சரியாகச் சேர்வதில்லை. தாளில் வைத்திருங்கள், சராசரிகளில் சேர்க்காமல் எத்தனை பேர் என்று மட்டும் சொல்லுங்கள். பெயர் எழுதாத தாளாக இருந்தால்தான் உண்மை வரும். பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கும்போது நிரப்பச் சொல்லவே கூடாது.

தமிழாக்கத்தில் 9ஆம் வாக்கியத்தைக் கவனியுங்கள்: 10 பவுண்டு கூடினால் இன்னும் நன்றாகத் தெரிவேன் என்பது அது. 10 பவுண்டை நாலரைக் கிலோ ஆக்கினால் போதாது, 'தசையாக' என்றும் வர வேண்டும். இல்லையென்றால் தொப்பை போடுவதாக எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பேர் தனித்தனியே மொழிபெயர்த்து, மூன்றாமவர் ஆங்கிலத்துக்குத் திருப்பி, பிறகு 20, 30 பேரிடம் முன்சோதனை. இரண்டு காரணி அமைப்பு நிற்கிறதா என்று பார்க்க 200 பேருக்குக் குறையாமல் வேண்டும்.

இந்த அளவுகோல் கொழுப்பைப் பற்றிய கவலையைத் தொடாது. அதுவும் வேண்டுமானால் டைல்காவும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட, 24 வாக்கியங்கள் கொண்ட மேல் பாடி ஆட்டிட்யூட்ஸ் ஸ்கேல் (Male Body Attitudes Scale) இருக்கிறது. அதில் தசை, கொழுப்பு, உயரம் மூன்றும் உண்டு. பிஎம்ஐயை (உயரத்தையும் எடையையும் மட்டும் வைத்துப் போடும் கணக்கு) வைத்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். தசையும் கொழுப்பும் அதற்கு ஒன்றுதான்.

அதிக மதிப்பெண் வந்தவருக்கு மஸில் டிஸ்மார்ஃபியா (தன் உடலில் தசை போதவில்லை என்ற எண்ணம் விடாமல் வாட்டும் மனநோய்) என்று எழுதிவிடாதீர்கள். இந்தத் தாள் ஆசையை அளக்கிறது, நோயை அல்ல. சட்டையைக் கழற்றவே கூச்சம், பயிற்சிக்காக நண்பர்களையும் விசேஷங்களையும் தவிர்ப்பது போன்றவற்றைக் கேட்க மஸில் டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் இன்வென்டரி என்று 13 கேள்விகள் உள்ளன. அதுகூட முதற்கட்டச் சல்லடைதான். கண்டறிவது மனநல மருத்துவர் நேரில் பேசிச் செய்ய வேண்டிய வேலை. தாளின் கடைசிப் பக்கத்தில் உங்கள் கல்லூரி ஆலோசகரின் தொலைபேசி எண்ணை எல்லோருக்கும் அச்சிட்டுக் கொடுங்கள்.