பள்ளி அரங்கம் ஊருக்கும் திறந்தால்: கேள்வி பதில்

பள்ளிக்குச் சொந்தமான கலையரங்கம் ஒன்றின் நிர்வாகத்தைச் சென்னையில் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். பகலில் பிள்ளைகள், மாலையில் சபாக்களும் நாடகக் குழுக்களும். நீங்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

தாம்பரம் பக்கம் ஒரு பள்ளித் தாளாளர்: புதிதாக அரங்கம் கட்டுகிறோம். வெளியாருக்கும் வாடகைக்கு விட எண்ணம். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

வாசலை. ஒலி, ஒளி, நாற்காலி எல்லாம் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். பார்வையாளர் தெருவிலிருந்து நேராக அரங்கத்துக்குள் வர ஒரு தனி வழி இல்லையென்றால், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மொத்தப் பள்ளியையும் திறந்துவைக்க வேண்டிவரும். கழிப்பறையும் அந்தப் பக்கமே இருக்கட்டும். இடைவேளையில் கழிப்பறை தேடிப் போகிறவர் ஐந்தாம் வகுப்பு வராந்தாவில் நிற்கிறார் என்றால் வரைபடத்திலேயே கோளாறு. ஒப்பனை அறைகளில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் தனித்தனி அறை வேண்டும், இதில் சமரசம் கூடாது. சேத்துப்பட்டு ஹாரிங்டன் சாலையில் லேடி ஆண்டாள் பள்ளி வளாகத்தில் உள்ள சர் முத்தா வெங்கடசுப்பா ராவ் அரங்கத்தில் வெளி நாடகமும் கச்சேரியும் நடக்கும். ஒரு மாலை டிக்கெட் வாங்கிப் போய் உட்காருங்கள். மேடையைவிட, கூட்டம் எப்படி வந்து எப்படிக் கலைகிறது என்று பாருங்கள்.

சபா செயலர் ஒருவர்: டிசம்பரில் தேதி கேட்டால் பள்ளிகள் இழுத்தடிக்கின்றனவே?

மார்கழி சீசன் தொடங்கும் நேரத்தில்தான் அரையாண்டுத் தேர்வும் நடக்கிறது, ஐயா. மறுநாள் கணக்குப் பரீட்சை எழுதப்போகும் பையன் பக்கத்து அறையில் படிக்க, இங்கே மிருதங்கம் முழங்கும் தனி ஆவர்த்தனம் என்றால் எந்தத் தலைமை ஆசிரியர் சம்மதிப்பார்? தேர்வு முடிந்து விடுமுறை விட்ட பிறகு வரும் நாட்களைக் கேளுங்கள். அதையும் பள்ளி நாட்காட்டி தயாராகும் ஜூன் மாதத்திலேயே கேளுங்கள். நவம்பரில் வந்து கேட்டால் சபாவுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்.

மயிலாப்பூர் நடன ஆசிரியை: மேடையில் கிரானைட் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்கிறார்கள்.

வலிக்கத்தான் செய்யும், அம்மா. வெறுங்காலால் தரையைத் தட்டி ஆடும் தட்டடவு போடும் தளத்துக்குக் கொஞ்சம் கொடுத்து வாங்கும் தன்மை வேண்டும். மேடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். தொம்மென்று கேட்டால் மரத்தின் கீழே காற்று இருக்கிறது. சப்பென்று கேட்டால் நேராகச் சிமெண்ட்தான். மரச்சட்டம் அடித்து, இடைவெளி விட்டு, மேலே பலகை போடுவதே முறை. அதற்குப் பணம் இல்லையென்றால் ரப்பர் பட்டைகளின் மேல் இரண்டடுக்கு ப்ளைவுட். சிமெண்ட் மேல் வினைல் விரிப்பு மட்டும் ஒட்டினால் பளபளப்பாக இருக்கும், கால் வலி அப்படியே இருக்கும்.

பாட்டு ஆசிரியர்: ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறோம், யாரும் கேட்டதில்லை. அதையே ஊர்க்காரர்களுக்கும் நடத்தினால்?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்வி நிலையத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் நடத்தும் நிகழ்ச்சிக்கு விலக்கு தருகிறது. ஆனால் பார்க்க வருபவர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். தெருவில் போகிறவரும் வரலாம் என்று பேனர் கட்டிவிட்டு அந்த விலக்கை நம்ப முடியாது. அப்போது பாடலுக்கு உரிமம் வேண்டும். பதிவை ஒலிக்கவிட்டால் அந்தப் பதிவின் உரிமையாளரிடமும் தனியாக வாங்க வேண்டும்.

கச்சேரிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. படைப்பாளி காலமான பிறகு 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1847இல் மறைந்த தியாகராஜரைத் தாராளமாகப் பாடலாம், பாரதியார் பாடல்கள் நாட்டுடைமை. கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். 2033 முடியும்வரை பொறுக்க வேண்டும், அல்லது அனுமதி கேட்க வேண்டும். இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதே இல்லை.

மிருதங்கக் கலைஞர்: ஏ.சி. போட்டதும் சுருதி நகர்ந்துவிடுகிறது.

தோல் குளிருக்கும் ஈரத்துக்கும் அசையும். கதவு திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏ.சி. ஓடட்டும், வாத்தியமும் அதே அறையில் இருக்கட்டும். நிகழ்ச்சி நடுவில் குளிரைக் கூட்டச் சொல்லி முன்வரிசையிலிருந்து சீட்டு வந்தாலும் ஆபரேட்டர் தொடக்கூடாது.

அசோக் நகர்வாசி: இரவு 10 மணிக்கு மேல் சத்தம் போடலாமா?

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் மூடிய அரங்கத்தின் உள்ளே கேட்பதற்கு விலக்கு தருகின்றன. வெளியே கேட்டால் விலக்கு கிடையாது. பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவித்திருக்கலாம், விசாரித்துக்கொள்ளுங்கள். அறிவித்திருந்தால் அங்கே இரவு வரம்பு 40 டெசிபல்தான். வாசலில் குழாய் ஒலிபெருக்கி கட்டும் வேலையே வேண்டாம்.

பள்ளிக் கணக்காளர்: வாடகை வருமானம் 20 லட்சத்துக்குள்தான். ஜி.எஸ்.டி. பதிவு தேவையா?

பெரும்பாலும் தேவைப்படும். பள்ளிக் கட்டணத்துக்கு வரி இல்லை. ஆனால் 20 லட்ச வரம்பைக் கணக்கிடும்போது அதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். அரங்க வாடகைக்கு 18 சதவீதம். வாடகைக்குத் தனிக் கணக்குப் புத்தகம் வைத்து ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

பேட்டை நாடகக் குழு: சபா கொடுக்கும் வாடகையை எங்களால் கொடுக்க முடியாது, சார்.

திங்கள் முதல் வியாழன் வரை பெரும்பாலான அரங்கங்கள் காலிதான், தம்பி. அந்த நாட்களைக் கேளுங்கள். ஒத்திகைக்கு ஏ.சி. வேண்டாம், மேடை விளக்கு வேண்டாம், மின்விசிறி போதும் என்று எழுதிக் கொடுங்கள். செலவில் பெரும்பங்கு கரண்ட் பில்தான், அதனால் குறைத்துக் கேட்க இடமுண்டு. பதிலுக்குப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் ஒரு நாடகப் பட்டறை நடத்தித் தருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். நான் அப்படி இரண்டு குழுக்களுக்கு இடம் கொடுத்திருக்கிறேன். பேச்சோடு விடாமல் எந்தத் தேதி, எத்தனை மணி, பூட்டும் சாவியும் யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.