யுவான்யாங்: அறுவடைக்குப் பின்னும் ஏன் தண்ணீர்?

வணக்கம். சீனாவின் யுன்னான் மாநிலத்தில் உள்ள யுவான்யாங் படிவயல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஜனவரியில் எடுத்த படங்களிலும் வயல்களில் நீர் நிறைந்து கிடக்கிறது. பயிரில்லாத வயலுக்கு எதற்குத் தண்ணீர்? படமெடுக்க வருபவர்களுக்காகத் தேக்குகிறார்களா? அந்த மலையில் ஏரி எதையும் காணோமே, நீர் எங்கிருந்து வருகிறது?
– ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

கேமரா கண்டுபிடிப்பதற்கு முன்பே அங்கே குளிர்காலத்தில் தண்ணீர் தேக்கினார்கள். அங்கு வாழும் ஹானி இன மக்கள் சுமார் 1,300 ஆண்டுகளாகத் திருத்திவரும் மலை அது. குளிர்காலத்துத் தண்ணீர் பயிருக்கானதல்ல, வரப்புக்கானது.

வரப்பு முழுக்க மண். சரிவு கூடக்கூட வயல் ஒடுங்கும், வரப்பு உயரும். சில இடங்களில் ஆள் உயரத்தையும் தாண்டும். காயவிட்டால் களிமண் வெடிக்கும். அடுத்த மழையில் நீர் வெடிப்பில் இறங்கி, உள்ளிருந்தே வரப்பைத் தள்ளும். மேல்வயல் சரிந்தால் அந்தச் சேறு விழுந்து கீழ்வயலின் வரப்பையும் உடைக்கும். 2009–10இல் யுன்னானைக் கடும் வறட்சி தாக்கியதே, அப்படிப்பட்ட காலத்தில் விளைச்சலைவிட வரப்பைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

ஆகவே அறுவடை முடிந்ததுமே அடுத்த வேலை தொடங்கிவிடும். அறுத்த நெல்லின் தாளை எருமை கட்டி மடக்கி உழுவார்கள். அண்டை வெட்டி, அதாவது வரப்பின் ஓரத்தைச் செதுக்கி, களையை வழித்து, புதுச் சேறு பூசுவார்கள். எலி வளையையும் விலாங்குப் பொந்தையும் மிதித்து அடைத்த பிறகே நீரை நிறுத்துவார்கள். வசந்தத்தில் நடவு; ஆண்டுக்கு ஒரே போகம்.

ஏரியின் வேலையை மலையுச்சிக் காடு செய்கிறது. மலையடியில் ஓடும் செவ்வாற்றின் பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் ஈரக்காற்று மேலே பனிமூட்டமாகவும் மழையாகவும் மாறுகிறது. காட்டு மண் அதை உறிஞ்சி ஊற்றாக விடுகிறது. காட்டுக்குக் கீழே ஊர், ஊருக்குக் கீழே வயல். இந்த வரிசையால் தொழுவத்து எருவைக்கூட யாரும் சுமக்க வேண்டியதில்லை. குழியில் சேர்த்துவைத்து, உழவுக்காலத்தில் வாய்க்கால் நீரோடு கரைத்து விட்டால் அது தானாக வயலுக்கு இறங்கும்.

உலகப் பாரம்பரியச் சின்னமாக 2013இல் அறிவிக்கப்பட்ட பகுதியில் மட்டும் வாய்க்கால்களின் நீளம் சுமார் 445 கி.மீ. வாய்க்கால் பிரியுமிடத்தில் கெட்டியான மரக்கட்டையைக் குறுக்கே பதித்து, மேல்விளிம்பில் காடி வெட்டியிருப்பார்கள். ஒவ்வொரு காடியின் அகலமும் அது பாயும் நிலத்தின் பரப்புக்கேற்ப ஊர் கூடி முடிவு செய்தது. ஆழம் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஒரு காடி சற்று ஆழமானாலும், கட்டை ஒரு பக்கம் சாய்ந்தாலும், வறண்ட மாதத்தில் மொத்த நீரும் அந்தப் பக்கமே போய்விடும். சருகு அடைத்தாலும் பங்கு மாறும். அதனால்தான் வாய்க்காலுக்கென ஓர் ஆளை வைத்து, கூலியாக நெல் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், அந்த மலையின் மிகப் பெரிய சாதனை படிகளல்ல, இந்தக் கட்டைதான்.

இப்போதைய தொல்லைகள் இரண்டு. ஒன்று, வெளியிலிருந்து வந்து பரவிய சிவப்பு நன்னீர் இறால். அது வரப்பைக் குடைந்து வளை தோண்டும். மேலே பூசிய சேறு அந்த ஆழத்துக்கு எட்டாது, வயல் ஒழுகிக்கொண்டே இருக்கும். மற்றது ஆள் பற்றாக்குறை. இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட, சில வயல்கள் மக்காச்சோளத்துக்கு மாறுகின்றன. வயலிலிருந்து வயலுக்கு நீர் பாயும் முறையில் நடுவில் ஒன்று காய்ந்தாலும் கீழே இருப்பவருக்கு மடை அடைபடும். அவர் தனி வாய்க்கால் வெட்ட வேண்டும், அல்லது அவரும் சோளத்துக்கு மாற வேண்டும்.