சட்டித் தயிர் ஏன் கட்டியாக இருக்கிறது?

“மட்டக்களப்புச் சட்டித் தயிரைக் கவிழ்த்தாலும் விழாது, வீட்டுத் தயிர் தண்ணியாகிறதே ஏன்?” என்று 4ஆம் வகுப்புப் பிள்ளை கேட்டிருக்கிறார்.

முதல் காரணம் பால். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் மாட்டுப் பட்டிகளில் கறக்கும் எருமைப் பாலில் கொழுப்பு ஏறக்குறைய 7 சதவீதம், பசுப்பாலில் 4 அளவில்தான். புரதமும் எருமைப் பாலில் கூடுதல். இரண்டாவது காரணம் சட்டி. சுட்ட மண்ணின் நுண்ணிய துளைகள் தயிரின் தண்ணீரை மெல்ல உறிஞ்சிவிடும். பிளாஸ்டிக் கோப்பையில் அந்தத் தண்ணீர் தயிரோடேயே நிற்கும்.

அம்மாவோடு செய்து பாருங்கள். அடுப்பு வேலை அம்மாவுக்கு! 1 லீட்டர் பாலைக் கொதிக்கவைத்து, சுண்டுவிரல் தாங்கும் சூட்டுக்கு (40 முதல் 45 பாகை) ஆறவிட்டு, 2 தேக்கரண்டி பழைய தயிரைக் கலந்து, மூடி, 6 முதல் 8 மணித்தியாலம் அசைக்காமல் வையுங்கள். பெரும்பாலும் பிழைப்பது சூட்டில்தான்: கொதிக்கும் பாலில் உறை விட்டால் தயிராக்கும் பக்டீரியா செத்துவிடும், குளிர்ந்த பாலிலோ அது சோம்பிக் கிடக்கும். உறை கூடினால் சீக்கிரம் புளித்துத் தண்ணீர் பிரியும். இடையில் தூக்கிப் பார்த்தாலும் தண்ணீர் பிரியும், ஆசையை அடக்குங்கள்.

கிரேக்கர்கள் தயிரைத் துணியில் வடிகட்டிக் கட்டியாக்குவார்கள். நம் சட்டி செய்யும் வேலையை அங்கே துணி செய்கிறது. துருக்கியில் தயிரில் தண்ணீரும் உப்பும் சேர்த்தால் ‘அய்ரான்’, கிட்டத்தட்ட நம் மோர். மொங்கோலியாவில் குதிரைப் பாலையே புளிக்கவைக்கிறார்கள். அது கட்டியாவதில்லை, குடிக்கத்தான்.