இரண்டே கால்களில் நிற்கும் வெண்கலக் குதிரை ஏன் விழுவதில்லை?

வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள லாஃபயெட் பூங்காவில், முன்னாள் அமெரிக்க அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் ஏறியிருக்கும் குதிரை முன்கால்களைத் தூக்கிப் பின்கால்களில் மட்டுமே நிற்கிறது. எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

சூட்சுமம் எடைப் பங்கீட்டில் இருக்கிறது. சிலையின் மொத்த எடையும் குவியும் புள்ளி பின்குளம்புகளுக்கு நேர்மேலே அமைந்தால் சிலை சாயாது. அதனால் முன்பாதியை மெல்லிய ஓடாகவும் பின்பாதியைக் கனமாகவும் வார்ப்பார்கள். சிலையை உருவாக்கிய கிளார்க் மில்ஸ் செய்ததும் அதுதான். அதற்கு முன் அவர் ஒரு குதிரைச் சிலையைக்கூட நேரில் பார்த்ததில்லையாம்! 1853இல் திறக்கப்பட்ட சிலை இன்றும் அசையாமல் நிற்கிறது.

எல்லாச் சிற்பிகளும் அந்தத் துணிச்சலைக் காட்டவில்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரஷ்யப் பேரரசர் மகா பீட்டரின் குதிரை ஒரு பாம்பை மிதித்தபடி பாய்கிறது. பின்பக்கம் போய்ப் பாருங்கள்: குதிரையின் வால் பாம்பின் உடலைத் தொட்டுக்கொண்டிருக்கும். பார்ப்பவருக்கு அது வெற்றியின் சின்னம். சிற்பி ஃபால்கோனேவுக்கோ அது மூன்றாவது கால். மாட்ரிடில் உள்ள ஸ்பெயின் மன்னர் நான்காம் ஃபிலிப்பின் குதிரையும் வாலைத்தான் நம்பியிருக்கிறது.

கூடவே ஒன்று. குதிரை இரண்டு முன்கால்களையும் தூக்கியிருந்தால் வீரர் போர்க்களத்தில் மாண்டார் என்று பொருள் என்பார்கள். நம்பாதீர்கள். ஜாக்சன் 1845இல் தம் வீட்டில்தான் இறந்தார்.