மாட்டுக்கு அழுதால் மனநோயா?

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டு அம்மா, 2009 இடம்பெயர்வில் அவிழ்த்துவிட்டு வந்த பசுவைச் சொல்லிச் சொல்லி இன்னும் அழுகிறா. பிள்ளைகளைப் பறிகொடுத்த சனமே தேறிவிட்டது. இது மனநோய்தானே?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: இல்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் தேறிவிட்டார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்காக நீண்டது. பதில் தெரியாமலே கண்மூடிய தாய்மார் பலர்.

அந்த அம்மாவுக்குப் பசு வெறும் சொத்தாக இருந்திருக்காது. பழகிய கை மடியில் படும்போது மாட்டின் உடலில் ஒக்சிடோசின் சுரந்துதான் பால் இறங்குகிறது. மாடு மிரண்டால் அது தடைப்படும். தாயையும் சேயையும் பிணைக்கிற அதே ஹோர்மோன்தான் இந்த ஒக்சிடோசின். காலையும் மாலையும் அந்த மடியருகே குந்தியிருந்தவர், கட்டின இடத்திலேயே ஷெல் விழுந்து பசு செத்துவிடக் கூடாதென்று தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்திருக்கிறார். காப்பாற்றினேனா, கைவிட்டேனா? அதற்கு விடை சொல்ல ஓர் எலும்புகூடக் கிடைக்கவில்லை.

வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்தவர் அமெரிக்கக் குடும்ப உளச்சிகிச்சையாளர் பவுலின் பொஸ். முடிவு தெரியாத இழப்பில் துயரம் உறைந்துபோகும், கோளாறு அந்த நிலைமையில்தான், ஆளில் அல்ல என்றார். அவர் பேசியது மனிதரைப் பற்றி. இந்த அம்மாவின் காயமும் அதே காயம் என்றே நான் நினைக்கிறேன்.

2005இல் அமெரிக்காவில் கத்ரினா சூறாவளி வந்தபோது, நாய் பூனைகளை விட்டு வரமாட்டோம் என்று வீட்டிலேயே தங்கி ஆபத்தில் மாட்டியவர்கள் ஏராளம். அவர்களைப் பைத்தியம் என்று தள்ளவில்லை. வெளியேற்றத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் இடம் வேண்டுமென்று அமெரிக்கா மறு ஆண்டே சட்டம் போட்டது. இங்கே 2022 டிசம்பர்க் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடுகள் செத்தபோது, பேச்செல்லாம் நட்டத்தைப் பற்றியே இருந்தது. வளர்த்தவர்கள் நித்திரை கொண்டார்களா என்று கேட்டவர் குறைவு.

அந்த அம்மாவுக்குச் சாப்பாடும் நித்திரையும் கெட்டிருந்தால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். மனநோய் என்ற சொல்லை மட்டும் அவர் காதுபடச் சொல்லாதீர்கள். ஒரு பின்னேரம் பக்கத்தில் இருந்து, பசுவின் பெயரென்ன, என்ன நிறம், எத்தனை கண்டு போட்டது, என்ன குறி சுட்டிருந்தது என்று கேளுங்கள். மீளக் குடியேறிய பிறகு கட்டாக்காலி மாடுகளுக்குள் அந்தக் குறியைத் தேடி அலைந்தாரா என்றும் கேளுங்கள்.