ஸ்கைரிம் வீடியோ கேமின் உள்நாட்டுப் போர்: எந்தப் பக்கம் சேர்வது?

கேள்வி: விளையாட்டு தொடங்கியதுமே ஹெல்கன் ஊரில் பேரரசுப் படை என் தலையை வெட்டப் பார்க்கிறது. பட்டியலில் என் பெயர்கூட இல்லை. அவர்களோடு எப்படிச் சேருவது?

பதில்: 2011இல் விளையாட்டு வெளிவந்தது முதல் அந்த வெட்டுமேடைதான் பலரைப் பேரரசை எதிர்க்கும் ஸ்டார்ம்கிளோக் கிளர்ச்சியாளர்களின் முகாமுக்கு அனுப்பிவைக்கிறது. கோபம் நியாயமானதே. ஆனால் முடிவெடுப்பதற்கு முன் வின்ட்ஹெல்ம் நகரத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். வாசலைத் தாண்டியதுமே இருண்ட எல்ஃப் பெண் ஒருத்தியை ஒற்றர் என்று சொல்லி, ஸ்கைரிமின் சொந்த இனத்தாரான நார்டுகள் இரண்டு பேர் மிரட்டிக்கொண்டிருப்பார்கள். அவளுடைய இனத்தார் சாம்பல் குடியிருப்பில் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். பல்லி இனத்தாரான ஆர்கோனியர்களுக்கோ மதிலுக்குள் இடமே இல்லை. துறைமுகத்தில்தான் வேலையும் படுக்கையும். அந்த நகரத்தை ஆள்பவர் ஸ்டார்ம்கிளோக்குகளின் தலைவர் உல்ஃப்ரிக்.

கேள்வி: நார்டுகளின் தெய்வமான தாலோஸின் வழிபாட்டைப் பேரரசு தடை செய்தது மட்டும் சரியா?

பதில்: சரியில்லை. நான்காம் யுகம் 175இல், எல்ஃப் ஆட்சியாளர்களான தால்மோருடன் பேரரசு நடத்திய பெரும் போரை நிறுத்திய வெண்பொன் உடன்படிக்கைக்கு ஸ்கைரிம் கொடுத்த விலை அது. மறு ஆண்டே, ரீச் மக்களிடமிருந்து மார்கார்த் நகரத்தை மீட்டுத் தந்தால் தடையின்றி வழிபடலாம் என்று பேரரசுத் தரப்பில் உல்ஃப்ரிக்குக்கு வாக்களித்தார்கள். மீட்டுத் தந்தார். தால்மோர் கண்ணை உருட்டியதும் அவரையே பிடித்துச் சிறையில் போட்டார்கள். இந்த இடத்தில் நான் முழுக்க அவர் பக்கம். ஆனால் அதே மார்கார்த்தில் அவர் ரீச் மக்களைக் கொன்று குவித்ததாக விளையாட்டில் கிடைக்கும் ஒரு நூல் குற்றம் சாட்டுகிறது. அதை எழுதியவர் பேரரசின் அறிஞர். அதையும் கணக்கில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி: தால்மோர் தூதரகத்தில் கிடைக்கும் கோப்பைப் படித்தேன். உல்ஃப்ரிக் அவர்களுடைய கைக்கூலியா?

பதில்: அவசரப்படுகிறீர்கள். போரில் சிறைப்பட்ட அவரைச் சித்திரவதை செய்து, அவர் சொன்ன தகவலால்தான் பேரரசின் தலைநகர் வீழ்ந்தது என்று பொய்யாக நம்பவைத்தார்கள் என்கிறது கோப்பு. பின்னால் நேரடித் தொடர்புக்கு அவர் இணங்கவில்லை என்றும் அதிலேயே இருக்கிறது. ஸ்டார்ம்கிளோக் வெற்றியையும் தவிர்க்க வேண்டும் என்ற வரிதான் முக்கியம். போர் இழுத்துக்கொண்டே போவதுதான் தால்மோருக்கு லாபம்.

கேள்வி: பேரரசு இல்லாமல் ஸ்கைரிம் தாக்குப்பிடிக்குமா?

பதில்: பேரரசை விட்டுப் பிரிந்த ஹேமர்ஃபெல் நாடு தாக்குப்பிடித்தது. உடன்படிக்கையை ஏற்காமல் தனியாகப் போரிட்டு 180இல் தால்மோர் படையை வெளியேற்றியது. பேரரசை ஆதரிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது தொண்டையில் சிக்கிய முள்.

கேள்வி: சாதாரண மக்களுக்கு யார் வென்றால் நல்லது?

பதில்: பேரரசு வென்றால் ரிஃப்டன் நகரத்தில் மேவன் பிளாக்-பிரையர் யார்ல் (ஆட்சியாளர்) ஆவாள்; திருடர் சங்கமும் காவலர்களும் ஏற்கெனவே அவள் கைக்குள். ஸ்டார்ம்கிளோக் வென்றால் மார்கார்த் தாங்வோர் சில்வர்-பிளட்டிடம் போகும். கைதிகளை வைத்து வெள்ளி வெட்டும் சுரங்கம் அந்தக் குடும்பத்துடையது. போரை முடிக்காமல் முதன்மைக் கதையைத் தொடர்ந்தால் ஹை ஹ்ராத்கார் மடத்தில் சமாதானப் பேச்சு நடக்கும். அங்கே பேரரசு மார்கார்த்தைக் கொடுத்து ரிஃப்டனை வாங்கும் பேரம் வரும். ஒப்புக்கொண்டால் மேவன், தாங்வோர் இருவருக்கும் ஒரே நாளில் பதவி.